எத்தனால் கலந்த பெட்ரோலும் நம் மோட்டார் சைக்கிளும்: ‘ஏற்கும்’ என்ற சொல்லை எவ்வாறு படிப்பது?

முன்னுரை

கெடா மாநிலத்தின் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைக் கடந்து ஹாட்யாய் நோக்கிச் செல்லும் மோட்டார் சைக்கிளோட்டிகளுள் நம்மவர் பலர் உண்டு. எல்லைக்கு அப்பாலுள்ள எண்ணெய் நிலையத்தில் அவர்கள் காணும் எண்கள் பழக்கமானவை போலத் தோன்றும். ஆயினும் அவை கூறும் செய்தி வேறு. ‘காசோஹால் 91’, ‘காசோஹால் 95’, ‘இ20’, ‘இ85’ ஆகிய பெயர்களை அந்நாட்டு நிலையங்களில் காணலாம். நம் நாட்டில் 95, 97 எனவும், சிங்கப்பூரில் 92, 95, 98 எனவும் கண்டு பழகியோர், எண் உயர உயரப் பெட்ரோலின் தரமும் உயரும் என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணத்தோடு இ85 குழாயைக் கையில் எடுப்பவரின் வண்டி, ஊர் திரும்பும் வழியிலேயே நின்றுவிடக்கூடும்.

தமிழ்நாட்டிற்குச் சென்று உறவினரின் வண்டியை ஓட்டுவோரும் இதே வினாவைச் சந்திக்கின்றனர். இந்தியாவில் இன்று பரவலாக விற்கப்படுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலாகும். ‘இந்த வண்டி இ20 பெட்ரோலை ஏற்குமா?’ என்று கேட்டால், ‘ஏற்கும்’ என்னும் ஒரு சொல் விடையாகக் கிடைக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனி விடைகள் அடங்கியுள்ளன என்பதும், அவற்றைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவரே தம் வண்டியையும் தம்மையும் காத்துக்கொள்வார் என்பதும் இவ்வுரையின் கருத்தாகும். அறிவியலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும், மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும், நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்க்கும் இதில் பங்கு உண்டு.

குறிகளும் எண்களும்

முதலில் குறிகளைத் தெளிவாக்கிக் கொள்வோம். ‘இ’ என்பது எத்தனாலைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்து. அதனை அடுத்து வரும் எண், நூறு பங்கு எரிபொருளில் எத்தனால் எத்தனை பங்கு என்பதைக் கன அளவில் கூறுகிறது. இ10 எனில் பத்துப் பங்கு எத்தனால், தொண்ணூறு பங்கு பெட்ரோல். இ20 எனில் இருபதுக்கு எண்பது. இ85 எனில் பெரும்பகுதி எத்தனாலே.

95, 97 ஆகிய எண்கள் கலப்பின் அளவைக் கூறுவதில்லை. அவை ஆக்டேன் எண்கள். இயந்திரத்தின் உருளைக்குள் எரிபொருளும் காற்றும் அழுத்தப்படும்போது, தீப்பொறி பரப்பும் சுடருக்கு முன்பாகவே அக்கலவை தானாக வெடித்து இயந்திரம் ‘தட்டுதல்’ உண்டு. அதனை எரிபொருள் எவ்வளவு தடுத்து நிற்கிறது என்பதற்கான அளவே ஆக்டேன் எண்.

தாய்லாந்தின் ‘காசோஹால் 95’ என்னும் பெயரில் உள்ள 95 ஆக்டேன் எண்ணாகும். அதில் கலந்திருக்கும் எத்தனால் 10 விழுக்காடு. அருகில் நிற்கும் ‘இ20’ என்பதிலுள்ள 20 கலப்பின் அளவு. ஒரே நிலையத்தில் இருவகை எண்கள் இருவகைப் பொருளில் நிற்கின்றன. ‘காசோஹால்’ என்னும் சொல்லே பெட்ரோலைக் குறிக்கும் ‘கேசோலின்’, எரிசாராயத்தைக் குறிக்கும் ‘ஆல்கஹால்’ என்னும் இரு சொற்களின் கூட்டு என்பதை அறிந்தவர், அப்பெயரைக் கண்டவுடனே கலப்பு உண்டு என்பதை உணர்ந்துகொள்வார்.

மேலும் ஒரு குறியை நாம் பிரித்தறிய வேண்டும். நம் நாட்டில் செம்பனை எண்ணெயிலிருந்து பெறும் பயோடீசல், டீசலோடு கலக்கப்படுகிறது. ‘பி7’, ‘பி10’ ஆகிய குறிகள் அக்கலப்பைச் சுட்டுவன. அவை டீசல் இயந்திரங்களுக்கு உரியவை. பெட்ரோலில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

எத்தனால் எங்கிருந்து வருகிறது?

எத்தனாலைத் தமிழில் எரிசாராயம் என்றும் வழங்குவர். சர்க்கரையையோ மாவுச்சத்தையோ நொதிக்கச் செய்து, காய்ச்சி வடித்து, நீரை நீக்கிப் பெறுவது அது. பிரேசில் கரும்பிலிருந்தும், அமெரிக்கா பெரும்பாலும் சோளத்திலிருந்தும், தாய்லாந்து கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்தும் மரவள்ளிக்கிழங்கிலிருந்தும், இந்தியா கரும்பு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்தும் எத்தனாலைப் பெறுகின்றன.

நாடுகள் இவ்வழியை நாடியதற்கு முதற்காரணம் எண்ணெய் இறக்குமதிச் செலவு. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், 1975இல் பிரேசில் தன் தேசிய எரிசாராயத் திட்டத்தைத் தொடங்கியது. பெட்ரோலையும் எத்தனாலையும் எந்த அளவில் கலந்தாலும் ஏற்கும் மோட்டார் சைக்கிள் ஒன்றை ஹோண்டா நிறுவனம் 2009இல் அந்நாட்டில்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எனவே, எத்தனாலில் மோட்டார் சைக்கிள் ஓடாது என்று எவரேனும் கூறினால் அது தவறு. அதற்கென வடிவமைத்த வண்டி நன்றாகவே ஓடும். அதற்கென வடிவமைக்காத வண்டியைப் பற்றியதே நம் ஆய்வு.

முதல் வினா: உறுப்புகள் தாங்குமா?

எத்தனால் ஒரு நல்ல கரைப்பான். பெட்ரோல் தொடாமல் விட்டுவைக்கும் பல பொருள்களை அது ஊறச் செய்கிறது. சிலவற்றை மெல்லக் கரைக்கிறது. பழைய வண்டிகளில் உள்ள சிலவகை ரப்பர்க் குழாய்கள் எத்தனாலில் ஊறிப் பருத்து, பின்னர் உலர்ந்து வெடிக்கும். தக்கையாலான அடைப்புத் தகடுகள் தளர்ந்து போகும். கண்ணாடியிழையாலான தொட்டிகளின் பிசின் இளகும். துத்தநாகம், பித்தளை, அலுமினியம் ஆகியவற்றாலான உறுப்புகள், எத்தனாலோடு நீரும் சேரும்போது அரிமானத்திற்கு உள்ளாகும்.

இதற்கு மாறாக, புளூரோகார்பன் வகை ரப்பர், துருப்பிடிக்கா எஃகு, எரிபொருளுக்கெனச் செய்த சில நெகிழி வகைகள் ஆகியவை எத்தனாலை நன்கு தாங்குவன. அண்மைக்கால வண்டிகளில் இவை மிகுதியாகப் பயன்படுகின்றன.

பல ஆண்டுகள் தூய பெட்ரோலில் ஓடிய வண்டியின் தொட்டியில் பிசினும் துருவும் படிந்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலை முதன்முறை ஊற்றும்போது அப்படிவுகள் பெயர்ந்து வடிகட்டியை அடைக்கக்கூடும். வண்டி திணறுவதைக் கண்டு எரிபொருளையே பழிப்போர் உண்டு. அடைபட்ட வடிகட்டியை மாற்றியபின் திணறல் நின்றுவிடுவதும் உண்டு.

இம்முதல் வினாவில் பாதுகாப்பு அடங்கியுள்ளது. மோட்டார் சைக்கிளில் தொட்டியும், குழாயும், சூடான இயந்திரமும் ஒன்றுக்கொன்று அருகில் உள்ளன. ஓட்டுநரின் கால்களும் அங்கேதான் உள்ளன. வெடித்த குழாயிலிருந்து கசியும் பெட்ரோல் சூடான புகைக்குழாயின்மேல் விழுந்தால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வினா: எரிதலின் ஒழுங்கு பொருந்துமா?

உறுப்புகள் தாங்கினாலும் இயந்திரம் செம்மையாக ஓடும் என்று கூற இயலாது. இதனை விளக்கச் சற்று வேதியியல் தேவை.

எத்தனாலின் மூலக்கூற்று எடை 46. அதில் 16 பங்கு உயிர்வளி. அதாவது எத்தனாலின் எடையில் ஏறத்தாழ 35 விழுக்காடு அதனுள்ளேயே அமைந்த உயிர்வளியாகும். ஆகவே அது எரிவதற்கு வெளிக்காற்று குறைவாகவே தேவைப்படுகிறது. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோகிராம் போதும். இ10 கலவைக்கு ஏறத்தாழ 14.1, இ20 கலவைக்கு 13.5, இ85 கலவைக்கு 10க்குச் சற்றுக் குறைவு.

பழைய வண்டிகளில் உள்ள கார்புரேட்டர், நிலையான துளைகளைக் கொண்ட எளிய கருவி. எந்த எரிபொருள் வருகிறது என்பதை அது அறியாது. பெட்ரோலுக்கென அமைத்த அளவிலேயே எத்தனால் கலவையையும் விடும். காற்று அதே அளவு வர, எரிபொருளோ தேவையைவிடக் குறைவாக வருகிறது. இந்நிலையை ‘மெலிந்த கலவை’ எனலாம். இ10 பெட்ரோலில் இம்மெலிவு நான்கு விழுக்காட்டளவே ஆதலால் பல வண்டிகள் பொறுத்துக்கொள்ளும். இ20 பெட்ரோலில் அது ஏறத்தாழ எட்டு விழுக்காடாகும். குளிர்ந்த இயந்திரம் உடனே உயிர்பெறாமை, நிறுத்தத்தில் அணைந்துபோதல், வேகமெடுக்கும்போது தயங்குதல், இயந்திரம் மிகையாகச் சூடாதல் ஆகியன மெலிந்த கலவையின் அறிகுறிகள். கார்புரேட்டர் சற்றுச் செறிந்த கலவைக்கு அமைக்கப்பட்டிருந்தால் இவை குறைவாகத் தோன்றும். முன்பே மெலிந்திருந்தால் விரைவில் தோன்றும்.

எரிபொருளை மின்னணு முறையில் உட்செலுத்தும் வண்டிகளில் நிலைமை மேம்பட்டது. புகைக்குழாயில் உள்ள உயிர்வளி உணரி, எரிந்த வளியில் எஞ்சியுள்ள உயிர்வளியை அளந்து கட்டுப்பாட்டுக் கருவிக்குச் செய்தி அனுப்புகிறது. கருவி எரிபொருளைக் கூட்டுகிறது. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. மேலும், கைப்பிடியை முழுவதும் திருகி விரையும் வேளையில் பல வண்டிகள் உணரியின் செய்தியை விடுத்து, முன்பே பதிந்த அட்டவணையைப் பின்பற்றுகின்றன. அவ்வட்டவணை எந்தக் கலவைக்காக எழுதப்பட்டது என்பதே அப்போது முதன்மை பெறுகிறது.

எத்தனாலால் நன்மையும் உண்டு. அதன் ஆக்டேன் எண் நூற்றுக்கு மேற்பட்டது. ஆவியாகும்போது அது பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் மேலான வெப்பத்தை ஈர்த்து உள்வரும் காற்றைக் குளிர்விக்கிறது. இவை இயந்திரத் தட்டலைத் தடுப்பன. அதற்கேற்ற அழுத்த விகிதத்தோடு வடிவமைத்த இயந்திரம் இந்நன்மையை முழுவதும் பெறும்.

எரிபொருட் செலவைப் பற்றியும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றலும், ஒரு லிட்டர் எத்தனாலில் ஏறத்தாழ 21 மெகாஜூல் ஆற்றலும் உண்டு. ஆதலால் இ10 பெட்ரோலில் ஏறத்தாழ 3.4 விழுக்காடும், இ20 பெட்ரோலில் ஏறத்தாழ 7 விழுக்காடும் ஆற்றல் குறைகிறது. ஓட்டத்தில் ஏற்படும் இழப்பு, இயந்திரம் அக்கலவையை எவ்வளவு திறம்பட எரிக்கிறது என்பதைப் பொறுத்து இதனினும் குறையலாம். பெட்ரோலுக்கென வடிவமைத்து இ10 கலவைக்கு ஒழுங்கமைத்த இருசக்கர வண்டிகள் இ20 பெட்ரோலில் 3 முதல் 4 விழுக்காடு வரை எரிபொருட் சிக்கனத்தை இழக்கும் என்று இந்தியாவின் நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது.

இதனை ஒரு தொழிலாளியின் கணக்காக மாற்றுவோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் சுற்றி உணவு விநியோகம் செய்பவர் இரண்டு லிட்டர் செலவிடுகிறார். 4 விழுக்காடு குறைந்தால் லிட்டருக்கு 48 கிலோமீட்டர்; நாளொன்றுக்கு 83 மில்லிலிட்டர் கூடுதல். மாதம் 26 நாள் வேலை செய்தால் ஏறத்தாழ இரண்டு லிட்டர் கூடுதலாகும். வண்டியையே பிழைப்பாகக் கொண்டவர்க்கு ஒரு நாள் எரிபொருள் அது.

மூன்றாம் வினா: நம் பயன்பாட்டு முறை இடந்தருமா?

எத்தனால் நீரை விரும்பும். பெட்ரோல் நீரை விலக்கும். தூய பெட்ரோலில் நீர் சேர்ந்தால் அது கரையாமல் அடியில் தங்கிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலிலோ நீர் ஓரளவு வரை கரைந்து, எரிபொருளோடு சேர்ந்தே எரிந்துபோகும். அவ்வளவைக் கடந்தால் கலவை பிரிகிறது. எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் ஓர் அடுக்காகவும், பெட்ரோல் மேலே ஓர் அடுக்காகவும் நிற்கும். இதனை ‘அடுக்குப் பிரிவு’ எனலாம்.

அறை வெப்பநிலையில் இ10 பெட்ரோல் ஏறத்தாழ 0.5 விழுக்காடு நீரையே தாங்கும். நம் நாட்டில் கப்சாய் என்று வழங்கும் சிறு மோட்டார் சைக்கிளின் தொட்டி ஏறத்தாழ நான்கு லிட்டர் கொள்ளும். அதில் 20 மில்லிலிட்டர், அதாவது நான்கு தேக்கரண்டி நீர் சேர்ந்தாலே கலவை பிரியும் நிலையை எட்டிவிடும். இயந்திரத்துக்கு எரிபொருள் செல்லும் வாய் தொட்டியின் அடியில் உள்ளது. ஆகவே முதலில் செல்வது நீர் கலந்த அடுக்கே. மேலே நிற்கும் பெட்ரோலும் தன் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன் எண் குறைந்து நிற்கும்.

நாள்தோறும் ஓடி, வாரம் ஒருமுறை எரிபொருள் நிரப்பும் வண்டிக்கு இதனால் பெரும் அச்சமில்லை. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து, மழையில் நனைந்து, பள்ளி விடுமுறை முழுவதும் பாதித் தொட்டியோடு கொட்டகையில் நிற்கும் வண்டிக்கே இடர்ப்பாடு மிகுதி. பகலில் வெப்பத்தால் தொட்டியின் ஆவி வெளியேறுவதும், இரவில் ஈரக்காற்று உள்ளே புகுவதும் நம் நாட்டு வானிலையில் ஆண்டு முழுவதும் நிகழ்வன. வண்டி அதே வண்டியாயினும், அது நிற்கும் முறையால் விடை மாறுகிறது.

ஒரு சொல், இரு காலம்: இந்தியா தரும் பாடம்

மூன்று வினாக்களையும் ஒரே சொல்லில் அடக்குவதால் விளையும் குழப்பத்திற்கு இந்தியா தக்க சான்று. அந்நாட்டில் எத்தனால் கலப்புத் திட்டம் 2003இல் 5 விழுக்காட்டோடு தொடங்கியது. 2022 ஜூன் மாதத்தில் 10 விழுக்காடு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரி 6ஆம் நாள் பெங்களூரில் இ20 பெட்ரோல் விற்பனை தொடங்கி வைக்கப்பட்டது. 2030ஆம் ஆண்டுக்கென முதலில் குறித்த 20 விழுக்காட்டு இலக்கு முன்னதாகவே எட்டப்பட்டு, 2025இல் இ20 நாடெங்கும் பரவியது.

முன்னர்க் கூறிய நிதி ஆயோக் அறிக்கை இரண்டு நாள்களைத் தனித்தனியே பரிந்துரைத்திருந்தது. 2023 ஏப்ரல் முதல் வெளிவரும் வண்டிகளின் உறுப்புகள் இ20 பெட்ரோலைத் தாங்க வேண்டும். இயந்திரமோ இ10 கலவைக்கு ஒழுங்கமைத்ததாக இருக்கலாம். 2025 ஏப்ரல் முதல் வெளிவரும் வண்டிகளின் இயந்திரமும் இ20 கலவைக்கே ஒழுங்கமைத்ததாக இருக்க வேண்டும். முதல் நாள் நம் முதல் வினாவுக்குரியது. இரண்டாம் நாள் நம் இரண்டாம் வினாவுக்குரியது. இடைப்பட்ட ஈராண்டுகளில் வாங்கிய வண்டியைப் பற்றி ‘இ20 ஏற்கும்’ என்று கூறினால் அது பொய்யன்று, முழு உண்மையுமன்று.

2025இல் பழைய வண்டிகளின் உரிமையாளர்கள் எரிபொருட் சிக்கனம் குறைந்தது குறித்தும், உறுப்புகள் தேய்வது குறித்தும் கவலை தெரிவித்தனர். இழப்பு சிறிதே என்றும், சில பழைய வண்டிகளில் ரப்பர் உறுப்புகளையும் அடைப்புத் தகடுகளையும் முன்கூட்டி மாற்ற நேரலாம் என்றும், அது வழக்கமான பராமரிப்பில் எளிதில் முடியும் என்றும் அரசு விளக்கியது. எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் எனக் கோரிய பொதுநல வழக்கை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. இருதரப்பாரும் ‘ஏற்பு’ என்னும் சொல்லையே பயன்படுத்தினர். ஒருவர் தாங்குதலையும் மற்றவர் ஒழுங்கையும் மனத்திற்கொண்டு பேசும்போது விவாதம் முடிவதில்லை.

ஆதலால் தமிழில் எழுதும்போது, உறுப்புகளைப் பற்றிய விடையைத் ‘தாங்குதிறன்’ என்றும், எரிதலைப் பற்றிய விடையை ‘ஒழுங்கமைவு’ என்றும் பிரித்து வழங்குவது நலம் என்று கருதுகிறோம். ‘இவ்வண்டி இ20 வரை தாங்கும், இ10 கலவைக்கு ஒழுங்கமைந்தது’ என்னும் தொடர் எவரையும் மயக்காது.

மோட்டார் சைக்கிளுக்குத் தனி விதி ஏன்?

கார்களுக்கு ஏற்ற கலவை மோட்டார் சைக்கிளுக்கும் ஏற்றது என்று கொள்ளலாகாது. அமெரிக்காவில் இ15 பெட்ரோல் 2001ஆம் ஆண்டு முதலான கார்களுக்கு அனுமதிக்கப்பட்டபோது, மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதிக்கப்படவில்லை. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இ10 பெட்ரோல் பொதுவழக்கானபோது, பழைய வண்டிகளும், குறிப்பாக 50 சிசி அளவிலும் அதற்குக் குறைவாகவும் உள்ள சில சிறு மோட்டார் சைக்கிள்களும் பொருந்தாதவையாக இருக்கலாம் என்று அரசு அறிவுறுத்தியது.

இதற்குக் காரணங்கள் உண்டு. மோட்டார் சைக்கிள்களுள் பல காற்றால் குளிர்விக்கப்படுபவை. மிகைவெப்பத்தைத் தாங்கும் வரம்பு அவற்றில் குறைவு. உணரி இல்லாத வண்டிகள் இன்னும் மிகுதி. தொட்டியும் சிறியது. பல கலவைகளை ஒரே குழாயின் வழியே வழங்கும் நிலையத்தில், முன்பு வந்தவர் நிரப்பிய கலவையின் எச்சம் குழாயில் தங்கியிருக்கும். காரின் பெரிய தொட்டியில் அது கரைந்து மறையும். நான்கு லிட்டர்த் தொட்டியில் அதன் பங்கு பெரிது.

சோதித்தறியும் முறை

இனி, நம் வண்டியை எவ்வாறு சோதிப்பது என்பதை வரிசையாகக் கூறுவோம்.

1. கையேட்டைப் படித்தல். எரிபொருள் பற்றிய பகுதியில் ‘10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோலைப் பயன்படுத்தலாம்’ என்பது போன்ற ஒரு தொடர் இருக்கும். அதில் ‘வரை’ என்னும் சொல் மேல் எல்லையைச் சுட்டுகிறது. ‘பயன்படுத்தலாம்’ என்பது இசைவு, பரிந்துரையன்று. எத்தனாலையும் மெத்தனாலையும் ஒன்றெனக் கருதலாகாது. மெத்தனால் உறுப்புகளை மேலும் கடுமையாக அரிக்கும். மனிதர்க்கும் கொடிய நஞ்சு. ஆகவே அதற்குரிய எல்லை கையேட்டில் தனியே குறிக்கப்பட்டிருக்கலாம்.

2. குறிகளைப் பார்த்தல். தொட்டியின் மூடியிலோ அதன் அருகிலோ ஒட்டுச்சீட்டு இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 அக்டோபர் 12 முதல், புதிய வண்டிகளிலும் எண்ணெய் நிலையங்களிலும் ஒரே குறி இடம்பெறுகிறது: வட்டத்திற்குள் இ5, இ10, இ85 எனில் பெட்ரோல் வகை, சதுரத்திற்குள் பி7, பி10 எனில் டீசல் வகை.

3. எந்தச் சந்தைக்கு உரிய வண்டி என்பதை அறிதல். ஒரே பெயர் கொண்ட மாதிரி தாய்லாந்தில் இ20 வரை ஏற்பதாக விற்கப்படலாம். நம் நாட்டிற்கு வந்த வண்டிக்குரிய எல்லை வேறாக இருக்கலாம். அங்குள்ள நண்பரின் வண்டி ஏற்பதால் நம் வண்டியும் ஏற்கும் என்று முடிவு செய்யலாகாது. நம் வண்டியோடு வந்த கையேடே சான்று.

4. அமைப்பை அறிதல். கார்புரேட்டரா, உட்செலுத்தும் அமைப்பா? உயிர்வளி உணரி உண்டா? பட்டறையில் கேட்டால் ஒரு நிமிடத்தில் கூறிவிடுவர்.

5. கண்ணால் நோக்குதல். இயந்திரம் நன்கு ஆறியபின், திறந்த வெளியில், தீயும் புகையும் இல்லாத இடத்தில் எரிபொருட் குழாயைப் பார்க்க வேண்டும். பருத்தல், ஒட்டுந்தன்மை, வெடிப்பு, இணைப்பில் ஈரம், பெட்ரோல் வாடை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

6. இரண்டு வினாக்களாகக் கேட்டல். விற்பனையாளரிடமோ தயாரிப்பாளரிடமோ ‘ஏற்குமா?’ என்று கேளாமல், ‘உறுப்புகள் எத்தனை விழுக்காடு வரை தாங்கும்? இயந்திரம் எந்தக் கலவைக்கு ஒழுங்கமைக்கப்பட்டுள்ளது?’ என்று கேட்பது தகும்.

பயணத்தின்போது

கையேடு 10 விழுக்காட்டிற்கு இசைவு தந்தால், தாய்லாந்தில் காசோஹால் 95 நிரப்பலாம். நம் நாட்டில் 95 ஆக்டேன் பெட்ரோலைப் பயன்படுத்தும் வண்டிக்கு அதுவே நேரான இணை. இ20 பெட்ரோலுக்குக் கையேட்டில் வெளிப்படையான இசைவு வேண்டும். இ85 அதற்கென வடிவமைத்த வண்டிகளுக்கே உரியது.

தவறுதலாக இ85 நிரப்பிவிட்டால் இயந்திரத்தை இயக்காமல், வண்டியைத் தள்ளிச் சென்று பட்டறையில் வடித்துவிட வேண்டும். ஓட்டத் தொடங்கியபின் எரிபொருள் குழாய்களுக்குள்ளும் உட்செலுத்தும் கருவிக்குள்ளும் சென்றுவிடுவதால் வேலை பெருகும்.

நீண்ட நாள் வண்டியை நிறுத்த நேர்ந்தால், கார்புரேட்டர்க் கிண்ணத்தில் உள்ள எரிபொருளைப் பட்டறையில் வடித்துவைப்பதும், மூடியின் வளையத்தைச் சரிபார்ப்பதும், மழைபடாத இடத்தில் நிறுத்துவதும் நலம்.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

கணித ஆசிரியர்க்கு இதில் நல்ல கணக்குகள் உண்டு. தொட்டியில் இரண்டு லிட்டர் தூய பெட்ரோல் இருக்க, இரண்டு லிட்டர் இ20 சேர்த்தால் கலவை இ10. மூன்று லிட்டர் தூய பெட்ரோலோடு ஒரு லிட்டர் இ85 சேர்த்தால்? 0.85 லிட்டர் எத்தனால் நான்கு லிட்டரில் பரவுகிறது. விடை ஏறத்தாழ 21 விழுக்காடு. ‘கொஞ்சம்தானே ஊற்றினோம்’ என்னும் எண்ணம் பிழை என்பதை இக்கணக்கு காட்டும்.

அறிவியல் ஆசிரியர், எத்தனாலை அளந்தறியும் முறையை எண்களால் விளக்கலாம். அளவுகுறித்த உருளையில் 10 மில்லிலிட்டர் நீர் எடுத்து, 100 மில்லிலிட்டர் வரை பெட்ரோல் நிரப்பிக் குலுக்கினால், எத்தனால் பெட்ரோலை விட்டு நீரில் சேரும். அடியிலுள்ள அடுக்கு ஏறத்தாழ 19 மில்லிலிட்டராக உயர்ந்தால், 90 மில்லிலிட்டர் பெட்ரோலில் 9 மில்லிலிட்டர் எத்தனால் இருந்தது எனலாம், அதாவது இ10. பெட்ரோல் ஆவி நஞ்சும் எளிதில் தீப்பற்றும் தன்மையும் உடையது. எனவே உரிய வசதியுள்ள ஆய்வகத்தில் பயிற்சி பெற்றோர் மட்டுமே இதனைச் செய்யலாம்; மாணவர்க்குக் கரும்பலகை விளக்கமே போதும்.

தமிழாசிரியர், வண்டிக் கையேட்டின் ஒரு பக்கத்தை மொழிபெயர்ப்புப் பயிற்சியாகத் தரலாம். ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘லாம்’, ‘வரை’, ‘மட்டும்’ ஆகியவற்றை மாணவர் எங்கெங்கு, எப்பொருளில் ஆள்கின்றனர் என்பதைக் கொண்டே அவர்தம் புரிதலை அளந்துவிடலாம்.

முடிவுரை

எத்தனால் கலந்த பெட்ரோல் அஞ்சத்தக்கதன்று. எல்லா வண்டிக்கும் ஒரே தன்மையில் பொருந்துவதும் அன்று. உறுப்புகள் தாங்குமா, எரிதலின் ஒழுங்கு பொருந்துமா, நாம் வண்டியைப் பயன்படுத்தும் முறை அதற்கு இடந்தருமா என்னும் மூன்று வினாக்களுக்கும் தனித்தனியே விடை கண்டபின் எந்த நாட்டின் எண்ணெய் நிலையத்திலும் நாம் தெளிவோடு நிற்கலாம். இதைப் படித்து முடித்த மாணவர்கள், தம் வீட்டிலுள்ள மோட்டார் சைக்கிளின் கையேட்டைத் தேடியெடுத்து, எரிபொருள் பற்றிய பக்கத்தைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்கிக் கூறுமாறு கேட்டுக்கொள்கிறோம். அப்பக்கத்தில் காணும் மேல் எல்லையை ஒரு சிறு சீட்டில் எழுதி, வண்டியின் ஆவணங்களோடு வைத்துவிட்டால், அடுத்த பயணத்தில் அது உதவும்.